நிலைக்காலின் அடி மக்கினால் நிலையையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: கீழக்கரையில் எங்கள் கொல்லைக் கதவு கடலைப் பார்த்தது. தேக்கு நிலை, நாலுக்கு இரண்டரை அங்குலம். தாழ்ப்பாள் பக்கத்துக் கால் தரையிலிருந்து அரையடிக்கு மக்கி, விரல் பட்டால் உதிர்கிறது. தச்சர் நிலையையே மாற்றச் சொல்கிறார். கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். மக்கிய அடியை அறுத்துவிட்டுப் புதுத் துண்டு ஒட்டினால் போதும். ஆனால் அங்கே தண்ணீர் ஏறும் வழியை அடைக்காவிட்டால் புதுத் துண்டும் மக்கிப்போகும்.

மரத்தை மக்கவைப்பது உப்பல்ல, பூஞ்சை. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது வளரும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துவைத்துச் சுவரையும் மரத்தையும் காயவிடாமல் செய்கிறது. மரம் பக்கவாட்டைவிட வெட்டுமுகத்தில், அதாவது குறுக்கே அறுத்த முனையில், பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். நிலைக்காலின் வெட்டுமுகமோ, பெரும்பாலான வீடுகளில், கழுவிவிடும் தரைக்குள் பெயிண்ட்கூட இல்லாமல் புதைந்து கிடக்கிறது. அதைச் சுற்றிச் சிமெண்ட் அடைத்தால் நிலைமை மோசமாகும். மரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும், சிமெண்ட் அசையாது. இடையில் விழும் மயிரிழை விரிசலில் இறங்கும் தண்ணீர் திரும்பக் காயாது.

முதலில் ஸ்க்ரூடிரைவரால் அடியிலிருந்து மேல்நோக்கிக் குத்திப் பாருங்கள். முனை இறங்காத இடம்தான் நல்ல மரம். மண்பூச்சுத் தடம் தெரிந்தால் அது செல், அதாவது கரையான். மரவேலைக்கு முன் அதற்கு மருந்தடிக்க வேண்டும். நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் மேலே ஏறி அறுங்கள், பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியாமல் அதுவரை ஓடியிருக்கும். லிண்டல் (கதவுக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்தரம்) இல்லாத பழைய வீடானால் நிலையே சுவரைத் தாங்கும். முட்டுக் கொடுக்காமல் ரம்பத்தைத் தொடக் கூடாது.

ஒட்டும் இடத்தை நேராக வெட்டாதீர்கள். பழைய காலையும் புதுத் துண்டையும் பாதிப் பாதிக் கனமாகச் சீவி, ஆறு முதல் எட்டு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று படியவையுங்கள். வெளிப்பக்கம் தெரியும் வெட்டு வெளிநோக்கிக் கீழே சரிய வேண்டும். எதிர்ப்பக்கம் சரிந்தால் மழைநீர் ஒட்டுக்குள்ளேயே போகும். புதுத் துண்டு வைரம் பாய்ந்த (உள்மரத்து) தேக்காக இருக்கட்டும். தேக்கானாலும் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் மரம், சீக்கிரம் மக்கும்.

ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் வெங்காரம் (போராக்ஸ்) 50 கிராம், போரிக் ஆசிட் தூள் 50 கிராம் கரைத்து, இரண்டு மரத்திலும் சூட்டோடு மூன்று முறை பூசுங்கள். கையுறை போடுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இந்தக் கரைசலுக்கு நல்ல தண்ணீரே வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பைத்தான் ஏற்றும். நன்றாகக் காய்ந்ததும் வெள்ளைப் படிவைத் துடைத்துவிடுங்கள், அதன்மேல் பசை பிடிக்காது.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை). சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும். துளை போட்டு, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நான்கு. இரும்பு ஆணி கூடவே கூடாது: 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது, துரு பரவினால் ஆணியைச் சுற்றிய மரமும் இற்றுப்போகும்.

இனிதான் முக்கியம். புதுத் துண்டின் அடிமுகத்தில் எபாக்ஸியை இரண்டு முறை தடவி இறுகவிடுங்கள். சுவரைத் தொடும் முதுகுக்கும் பூச்சு வேண்டும். சுவரோடு பிடிக்க பிளக் வைத்து ஒரு ஸ்க்ரூ. துண்டின் அடி தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும். அந்த இடைவெளியைச் சிமெண்டாலோ சிலிகானாலோ மூடாதீர்கள், காற்று போக வேண்டும். பிறகு பிரைமர், இரண்டு கோட் எனாமல். வெங்காரக் கரைசல் மழையில் கரைந்து போகும் என்பதால் பெயிண்டைத் தவிர்க்க முடியாது.

மக்கியது கீல் பக்கத்துக் காலாக இருந்தால், கதவின் எடை அங்கே தொங்குவதால், அந்த ஒரு காலை முழுதாக மாற்றச் சொல்வேன். அப்போதும் மேல்சட்டத்தைத் தொட வேண்டியதில்லை.

வேலையைப் பங்குனி முதல் ஆடிக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரம் காயாது. ஈர மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒட்டின் கோட்டில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்திருந்தால் அங்கே மட்டும் சுரண்டி, காயவைத்து, எபாக்ஸி தடவி மறுபடி பெயிண்ட் அடியுங்கள்.