டச்சு ஓவியர்கள் முதுமையை ஏன் சுருக்கம்கூட மறைக்காமல் வரைந்தார்கள்?

முதலில் ஒன்று. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் நாம் பார்க்கும் கிழவர், கிழவி எல்லோருமே காசு கொடுத்துத் தங்களை வரையச் சொன்னவர்கள் என்று சொல்ல முடியாது. 'ட்ரோனி' என்றொரு வகை உண்டு. அதில் ஆள் யார் என்பது முக்கியமில்லை, முகம்தான் முக்கியம். தோலின் சுருக்கத்தையும் அதில் விழும் வெளிச்சத்தையும் வரைந்து பழக வயதான முகத்தைவிடத் தோதானது எது?

ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த, புத்தகம் படிக்கும் மூதாட்டியைப் பாருங்கள். முகம் நிழலில் இருக்கிறது. வெளிச்சமெல்லாம் பக்கத்தின் மேல் வைத்த கையில்தான். வரியைத் தடவித் தடவிப் படிக்கிற கை அது. அந்த மூதாட்டி ரெம்பிராண்டின் அம்மா என்று சொல்வார்கள், ஆதாரம் கிடையாது.

சமயமும் ஒரு காரணம். ஆனால் வெறும் உபதேசமாக இருந்தால் சலித்துவிடும் அல்லவா? நிக்கோலாஸ் மாஸ் வரைந்த மூதாட்டி சாப்பாட்டுக்கு முன் கண்மூடி ஜெபிக்கிறாள். மேஜையில் ரொட்டியும் மீனும். மாடத்தில் மணற்கடிகாரம், காலம் ஓடுகிறது என்பதற்கு. கீழே ஒரு பூனை மேஜைவிரிப்பை நகத்தால் இழுக்கிறது! எனக்கு அந்தப் பூனைதான் பிடிக்கும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இந்த இரண்டு ஓவியங்களையும் பார்க்கலாம்.

அப்புறம் ஃபிரான்ஸ் ஹால்ஸ். ஹார்லெம் நகரத்து முதியோர் இல்லத்தை நிர்வகித்த பெண்களை 1664 வாக்கில் வரைந்தபோது அவருக்கே வயது 80ஐத் தாண்டியிருந்தது. நகராட்சி தந்த உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த இல்லத்தின் கட்டடம்தான் இன்று அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகம்.