வயாக்ஸ் முதல் இன்றைய மூட்டுவலி மாத்திரை வரை: கேள்வி பதில்

மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மூட்டுவலி மருந்துகள், அவற்றை விற்கும் கம்பெனிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யாரும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள்.

செந்தில்: சார், வயாக்ஸ் விவகாரம் என்கிறார்களே, அதில் என்னதான் நடந்தது?

அமெரிக்காவின் மெர்க் கம்பெனி 1999-இல் சந்தைக்குக் கொண்டுவந்த மூட்டுவலி மாத்திரை அது. உள்ளே இருந்த மருந்து ரோஃபெகாக்சிப். பழைய வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், இது அந்த அளவுக்குப் படுத்தாது என்று சொல்லி விற்றார்கள். அது பொய்யும் இல்லை. முடக்குவாத (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நோயாளிகள் 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட விகர் ஆய்வில், வயிற்றுப் புண், ரத்தக்கசிவு போன்ற தொல்லைகள் நாப்ராக்ஸன் என்ற பழைய வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்ததில் பாதிதான் வயாக்ஸ்காரர்களுக்கு வந்தன. வலியைக் குறைப்பதில் இரண்டும் சமம். ஆனால் மாரடைப்பு வயாக்ஸ் பக்கம் நான்கு மடங்கு!

2000 நவம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை இதைத் தலைகீழாகச் சொன்னது: நாப்ராக்ஸன் குழுவில் மாரடைப்பு குறைவாம். நாப்ராக்ஸன் ஆஸ்பிரினைப் போல இதயத்தைக் காத்திருக்கும் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. அந்தக் கட்டுரையின் கணக்கில் வராமல் போன மூன்று மாரடைப்புகளைப் பற்றி, அதை வெளியிட்ட இதழே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்தது. இதற்கிடையே, இதயம் பற்றி டாக்டர்கள் கேட்டால் எப்படி நழுவுவது என்று விற்பனைப் பிரதிநிதிகளுக்கு 'டாட்ஜ்பால்' என்ற பெயரில் பயிற்சி விளையாட்டே நடந்தது. பந்து வந்தால் விலகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் மாட்டிவிட்டது இன்னொரு ஆய்வு. குடலில் வளரும் சிறு கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க, வயாக்ஸை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். அங்கேயும் வயாக்ஸ் பக்கம்தான் மாரடைப்பு அதிகம். 'நாப்ராக்ஸன் காத்தது' என்று சொல்ல அங்கே நாப்ராக்ஸனே இல்லையே! 2004 செப்டம்பர் 30 அன்று மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு விற்பனை மட்டும் சுமார் 250 கோடி டாலர்.

மீரா: வயிற்றுக்கு நல்லது இதயத்துக்கு ஏன் கெடுதல் ஆகிறது?

உடம்பில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று இரண்டு நொதிகள். முதலாவது வயிற்றின் உள்பூச்சைக் காக்கும், ரத்தம் உறையவும் உதவும். இரண்டாவது வீக்கத்தை வளர்க்கும், ஆனால் ரத்தக்குழாயில் உறைவைத் தடுக்கும் பொருளையும் அதுதான் தருகிறது. வயாக்ஸ் போல இரண்டாவதை மட்டும் அடக்கினால் வயிறு தப்பும், தராசு உறைவுப் பக்கம் சாயும்.

ஜெயக்குமார்: கம்பெனிக்குத் தண்டனை கிடைத்ததா?

பணம் கட்டினார்கள். 2007-இல் வழக்குகளைத் தீர்க்க 485 கோடி டாலர். 2011-இல் அமெரிக்க அரசுடன் 95 கோடி டாலருக்கு உடன்பாடு. அதில் அனுமதி கிடைக்கும் முன்பே முடக்குவாதத்துக்கென்று விளம்பரப்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2003 விற்பனையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த 485 கோடி இரண்டு வருட வியாபாரம்கூட இல்லை. எனக்கு இதைத் தண்டனை என்று சொல்ல மனம் வரவில்லை.

ரஹ்மத்: அம்மாவுக்கு எட்டோரிகாக்சிப் எழுதியிருக்கிறார்கள். இதுவும் அதே குடும்பம் என்கிறார்களே, சார்?

ஆமாம், அதே குடும்பம், அதே மெர்க். 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு இதை 20-க்கு 1 என்ற வாக்கில் நிராகரித்தது, அங்கே அனுமதி கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் விற்கிறது. ஐரோப்பிய விதிப்படி இதயநோய் உள்ளவர்களுக்கும், பிரஷர் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்கும் இது கூடாது. 120 மில்லிகிராம் என்பது கடும் கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம்) வலிக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் 8 நாள். அம்மாவின் அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று முதலில் பாருங்கள். பிரஷர் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

கலைவாணி: அப்போ டிக்ளோஃபெனாக் போட்டுக்கொள்ளலாமா?

பழைய வலி மருந்து என்பதால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அதன் இதய ஆபத்து இந்தக் காக்ஸ்-2 மருந்துகளுடையதைப் போலத்தான் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் எச்சரித்தது. நம் ஊரில் மருந்துக்கடையில் கேட்டாலே எடுத்துக் கொடுக்கிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

முருகேசன்: எல்லாமே கம்பெனிகளின் ஏமாற்று என்று மாமா முடக்குவாத மாத்திரையை விட்டுவிட்டு ஏதோ சூரணம் சாப்பிடுகிறார். சரிதானே?

சரியில்லை. முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் தருவது மெதோட்ரெக்சேட். காப்புரிமை எப்போதோ முடிந்த, மிக மலிவான மாத்திரை. அதில் பெரிய லாபம் பார்க்க யாராலும் முடியாது. வலி மாத்திரை வலியை மட்டும் அடக்கும், இது மூட்டு அரிக்கப்படுவதையே தடுக்கும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மாமாவின் சூரணத்தில் இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதா? அப்படியானால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அப்படிப் பல முறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டாக இருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் பொடியையே எடுத்துக்கொண்டு போங்கள்.

தேவி: ஊசி மருந்துகள் ஏன் இவ்வளவு விலை, சார்?

முடக்குவாதத்துக்குப் போடும் ஹுமிரா ஊசியைப் பாருங்கள். அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை அடுக்கி 2023 வரை அதற்குப் போட்டியே வராமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தியாவில் சைடஸ் கம்பெனி 2014-லேயே இணை மருந்தை (அதே வேலையைச் செய்யும், வேறு கம்பெனி தயாரித்த மருந்து) அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிட்டது. டாக்டர் பெரிய பிராண்டு எழுதினால், "இதற்கு இணை மருந்து இருக்கிறதா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.