கர்ப்பத்தில் சர்க்கரை: தாகம் எடுக்கும்வரை காத்திருக்கலாமா?

ஏழாம் மாதம் நடக்கிறது. தாகம் இல்லை, மெலியவில்லை, நன்றாகவே இருக்கிறேன். குளுக்கோஸ் குடித்து எடுத்த டெஸ்ட்டில் 152 வந்ததால் சர்க்கரை என்கிறார்கள். அறிகுறியே இல்லாமல் வருமா?

பெரும்பாலும் அப்படித்தான் வரும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு எல்லாம் ரத்தச் சர்க்கரை மிகவும் ஏறிய பிறகு தெரிபவை. சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாத சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. சாதாரண உடம்பில் சுமார் 180 மி.கி. தாண்டினால்தான் இது நடக்கும். போதாக்குறைக்கு, ராத்திரி நாலு தடவை எழுந்து போவதும் அசதியும் சர்க்கரை இல்லாத கர்ப்பிணிக்கும் உண்டு. அதனால் டெஸ்ட்டைத்தான் நம்ப வேண்டும்.

கர்ப்பிணிக்கு 2 மணி நேர அளவு 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன. ஈடுகட்டும் அளவுக்குக் கணையம் கூடுதலாகச் சுரக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. குழந்தை தானே அதிக இன்சுலின் சுரந்து கொழுப்பு சேர்க்கும். பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்வது இதனால்தான். பிறந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும். குழந்தைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, குழந்தையின் சர்க்கரையையும் பார்ப்பார்கள்.

இப்போதைக்கு 2 வாரம் உணவுக் கட்டுப்பாடும் நடையும். பிறகு சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்த அளவு 120-க்குக் கீழே இருந்தால் அதையே தொடரலாம். 120-ம் அதற்கு மேலும் என்றால் மெட்ஃபார்மின் மாத்திரை அல்லது இன்சுலின் தொடங்குவார்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே இருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை என்றார்கள். தனியாரில் வெறும் வயிற்றில் மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். எது சரி?

இரண்டும் சரி; அளவுகோல்தான் வேறு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே முறை பார்ப்பது சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறை; மேலே சொன்ன 140 இதற்குத்தான். பல மைல் பஸ் ஏறி வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொல்ல வேண்டியதில்லை என்பதே இதன் பலம். மூன்று முறை எடுப்பதில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலே சர்க்கரை. ஒரு முறையின் எண்ணை இன்னொன்றில் வைத்துப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடியுங்கள். மடமடவென்று குடித்தால் குமட்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு என்றால் டெஸ்ட்டைத் தொடரலாம். முதல் செக்கப்பில் நார்மல் என்று வந்தாலும் 24–28 வாரத்தில் இன்னொரு முறை கட்டாயம்.

HbA1c (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.4 தான். சிறுநீரிலும் சர்க்கரை இல்லை. டெஸ்ட்டைத் தவிர்க்கலாமா?

கூடாது. கர்ப்பத்தில் ரத்த அணுக்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் HbA1c குறைவாகக் காட்டும். ரத்தசோகை இருந்தால் இன்னும் குழப்பம். சிறுநீர் டெஸ்ட் இரு பக்கமும் ஏமாற்றும்: சர்க்கரை நோய் இல்லாத கர்ப்பிணிக்கும் சிறுநீரில் சர்க்கரை வரலாம், நோய் உள்ளவருக்கு வராமலும் போகலாம்.

அரிசியை அடியோடு நிறுத்திவிட்டேன், ராத்திரி சாப்பிடுவதே இல்லை. காலையில் ராகிக் கூழ். அப்படியும் காலை டிபனுக்குப் பிறகுதான் ஏறுகிறது.

முதலில் இரவு உணவைத் திரும்பத் தொடங்குங்கள். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும்; அது குழந்தைக்கு நல்லதில்லை.

இன்சுலின் மிகவும் மந்தமாக வேலை செய்வது காலையில்தான். ராகி நல்ல தானியம், ஆனால் மாவாக்கிக் கூழாகக் காய்ச்சினால் வேகமாகச் செரித்துச் சர்க்கரையாகிவிடும். நாலு இட்லியை ஒரே தடவையில் சாப்பிடாமல், எட்டு மணிக்கு இரண்டு இட்லி, பருப்பு தூக்கலான சாம்பார், ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். மீதியைப் பத்தரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தியும் மாவுச்சத்துதான்: மூன்று சப்பாத்தி கிட்டத்தட்ட ஒரு கப் சோற்றுக்குச் சமம். ஜூஸ் வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். டாக்டர் தடை சொல்லாவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10–15 நிமிடம் நடங்கள். குளுக்கோமீட்டரில் பார்க்கும் முன் கையைக் கழுவித் துடையுங்கள்; பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பொய்யாக ஏறும்.

இன்சுலின் 10 யூனிட் எழுதிக் கொடுத்தார்கள். பழைய சிரிஞ்சு தீர்ந்து, கடையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு கொடுத்தார்கள். அன்றிலிருந்து சர்க்கரை குறையவில்லை.

சிரிஞ்சுதான் காரணமாக இருக்க வேண்டும். இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட்; அதற்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கு. ஆரஞ்சில் 10 என்ற கோடுவரை 40 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். தலைகீழாக மாறினால் ஆபத்து: 10 என்று நினைத்து 25 யூனிட் போட்டுவிடுவீர்கள். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். குறைத்துப் போட்டதை ஈடுகட்ட நீங்களாகக் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பால்போல் கலங்கிய இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள். ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் சரி, ஃப்ரீசர் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

கணவருக்கு 38 வயது. பிடரியில் கறுப்பு படர்ந்திருக்கிறது. சர்க்கரையா?

வெல்வெட் போலத் தடித்த கறுப்பு என்றால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம், தேய்த்தால் போகாது. ஆறாத புண், திரும்பத் திரும்ப ஆணுறுப்பு முன்தோலில் அரிப்பு, கால் மரத்துப்போவது, பார்வை மங்கி மாறுவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெறும் வயிற்றில் 126, HbA1c 6.5 இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலே சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு டெஸ்ட்டிலும் உறுதி செய்வார்கள்.

குழந்தை பிறந்ததும் சர்க்கரை நார்மலாகிவிட்டது. இனி பயமில்லையா?

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இறங்குவது இயல்பு. பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடி 75 கிராம் டெஸ்ட் எடுங்கள். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகும் அதே நாளில் முடித்துவிடலாம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இம்முறை 2 மணி நேர அளவு 140-க்குக் கீழே நார்மல், 200-ம் மேலும் சர்க்கரை நோய், நடுவில் எல்லைக்கோடு. நார்மலானாலும் வருடா வருடம் பாருங்கள். டைப் 2 வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

அடுத்த குழந்தை வேண்டும் என்றால் நாள் தள்ளிப்போன பிறகு அல்ல, அதற்கு முன்பே டெஸ்ட் எடுங்கள். குழந்தையின் இதயமும் தண்டுவடமும் முதல் எட்டு வாரத்துக்குள் உருவாகிவிடுகின்றன. அப்போது சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் பிறவிக் குறைபாடு வரலாம். ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதிலிருந்தே தொடங்க வேண்டும்.