அசதி, முடி உதிர்வு: தைராய்டாக இருக்குமா?

கேள்வி: எனக்கு 38 வயது. சில மாதங்களாக எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. எடை 4 கிலோ கூடிவிட்டது. மலச்சிக்கலும் இருக்கிறது, மாதவிடாயில் உதிரப்போக்கும் அதிகம். முடி கொட்டுவதால் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவுக்குத் தைராய்டு குறைபாடு உண்டு. அவருடைய மாத்திரையையே போட்டுப் பார்க்கலாமா?

மருத்துவர் பதில்: வேண்டாம், அம்மாவின் மாத்திரையைத் தொடாதீர்கள். தேவையில்லாமல் போட்டால் படபடப்பு, கை நடுக்கம் வரலாம். அப்புறம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் குழப்பிவிடும்.

நீங்கள் சொல்லும் தொல்லைகள் தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு வருபவைதான். அம்மாவுக்கும் இருப்பதால் சந்தேகம் கூடுகிறது. மற்றவர்கள் விசிறி போடும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறதா, குரல் கரகரக்கிறதா, தோல் வறண்டிருக்கிறதா, கழுத்தின் முன்பக்கம் வீக்கம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆனால் இவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவே இதே அசதியையும் முடி உதிர்வையும் தரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்புச்சத்தின் அளவைக் காட்டுவது) இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

தைராய்டுக்கு முதலில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் போதும். பெரும்பாலான லேப்களில் டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு. தைராய்டு சரியாகச் சுரக்காதபோது, அதைத் தூண்ட பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைக் கூட்டி அனுப்பும். அது கூடி, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் குறைபாடு இருக்கிறது, மாத்திரை தேவை. டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் லேசாகக் கூடியிருந்தால் (10-க்குள்) பதற வேண்டாம். 2, 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள்; பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயன்றாலோ மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் பயோட்டின் மாத்திரைதான் என்னை யோசிக்க வைக்கிறது. பல லேப்களின் பரிசோதனை முறையில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். குறைபாடு இருந்தும் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரலாம். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். டோஸ் அதிகம் என்றால் இன்னும் சில நாள் தேவைப்படும், எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டுமே தேவைப்பட்டால் ஒன்றாகப் போடாதீர்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். காபிகூட அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.