தெருவைப் பார்த்துவிட்டுச் சுவருக்கு வாருங்கள்: ஓவிய ஆசிரியரின் பதில்கள்

அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சமூகச் சிக்கல்களைக் கலையின் வழியாகப் பேச முனையும் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். குழந்தைத் திருமணத்துக்கு எதிராக எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரில் ஓவியம் வரையப் போகிறோம். மணக்கோலத்தில் ஒரு சிறுமி அழுவது போலவும், அவள் கழுத்திலுள்ள தாலி தூக்குக் கயிறாக மாறுவது போலவும் வரையலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். சரியாக இருக்குமா?

பதில்: உங்கள் தோழிகளின் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தப் படம் வேண்டாம் என்றே சொல்வேன். அழும் சிறுமியை ஊரார் பல சுவர்களில் பார்த்துவிட்டார்கள். யார் வீட்டுக் கதையோ என்று எண்ணிக் கடந்து போவார்கள். அதோடு, இளவயதில் மணமுடிக்கப்பட்ட அக்காவை உடைய ஒரு மாணவி உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்; தினமும் காலையில் அந்தத் தூக்குக் கயிற்றைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்குள் வர வேண்டியிருக்கும்.

தூரிகையை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்குப் போங்கள். நான் பணியாற்றிய ஓர் ஊரில், எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளைகளின் படிப்பு ஏன் நின்றுவிடுகிறது என்று என் மாணவிகள் இரண்டு வாரம் வீடு வீடாகச் சென்று கேட்டார்கள். வறுமை, வரதட்சணை என்ற விடைகளை எதிர்பார்த்துப் போன அவர்களிடம் பெரும்பாலான தாய்மார்கள் பேசியது பேருந்தைப் பற்றித்தான். உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்தது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் பேருந்து போய்விடும். அதன் பிறகு இருட்டில் பிள்ளை தனியாக நடந்து வர வேண்டும். அந்த அச்சத்தில் படிப்பு நின்றது. படிப்பு நின்ற சில மாதங்களில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த மாணவிகள் கடைசியில் வரைந்தது ஓர் அந்திச் சாலையை. இருபுறமும் அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்த புளியமரங்கள், தொலைவில் போய்க்கொண்டிருக்கும் பேருந்தின் பின்புறம், முன்னால் புத்தகப் பையோடு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். பேருந்தின் பின்கண்ணாடிக்கு மேல் அவ்வூர்ப் பேருந்தின் உண்மையான தடம் எண்ணையே எழுதினார்கள். எதிரில் டீக்கடையில் நின்றவர்கள் அந்த எண்ணைப் படித்துவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

படத்தின் ஓரத்தில் இரண்டு செய்திகள் மட்டும் தெளிவாக இருக்கட்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையாமல் நடக்கும் திருமணம் குழந்தைத் திருமணம் என்பது ஒன்று. குழந்தைகள் உதவி எண் 1098 என்பது மற்றொன்று. எண்ணைக் கண்மட்டத்தில், எட்டிலிருந்து பத்து அங்குல உயரத்தில் எழுதுங்கள்; அப்போதுதான் சைக்கிளில் போகும் பிள்ளையும் படிக்க முடியும்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கண்காட்சியில் நெகிழி ஒழிப்பு குறித்து மாணவர்கள் மாதிரிகள் செய்கிறார்கள். பொறுப்பாசிரியராக நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் செய்பொருளைக் கவனியுங்கள். நெகிழியை ஒழிப்போம் என்று பிளக்ஸ் பேனர் கட்டி, தெர்மாகோலில் பூமி உருண்டை செய்து, அதன் மேல் பளபளக்கும் ஜிகினாத் தாளை ஒட்டிய கண்காட்சிகளை நான் பல முறை பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். பிளக்ஸ் என்பது பிவிசி என்னும் நெகிழி, தெர்மாகோலும் நெகிழியே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில் தெர்மாகோல் தட்டும் குவளையும் உண்டு. கண்காட்சி முடிந்த மாலை அந்தப் பூமி உருண்டை பள்ளியின் பின்புறம் எரிக்கப்படுவதையும் மாணவர்கள் பார்க்கிறார்கள்; நாம் சொன்னதைவிட அதுதான் அவர்கள் மனத்தில் தங்கும்.

பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த காகிதக் கூழ், ஏரி வண்டல், கொட்டாங்கச்சி, பழைய வேட்டித் துணி ஆகியவை எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு முறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வாசல் கடையில் ஒரு வாரத்தில் விற்ற மிட்டாய், சிப்ஸ் உறைகளைக் கழுவிக் காயவைத்து, கயிற்றில் கோத்து, மாடிப்படிக் கைப்பிடி நெடுகத் தொங்கவிட்டார்கள். மூன்று மாடி ஏறும் வரை அந்தச் சரம் முடியவில்லை. அதற்கு விளக்க அட்டை எதுவும் தேவைப்படவில்லை.

கேள்வி: கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவன் நான். எங்கள் பகுதியில் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமையை வைத்து வீதி நாடகமும் சுவரோவியமும் செய்ய விரும்புகிறோம். அந்தச் சிறுமியின் முகத்தை வரைந்தால் மக்கள் மனத்தைத் தொடும் என்று நினைக்கிறோம்.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவிலும் இத்தகைய தடை உண்டு. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, தெருவையும் தந்தையின் தொழிலையும் அப்படியே நாடகத்தில் வைத்தாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தப் பிள்ளை அதே ஊரில்தான் இனியும் வளர வேண்டும்.

பெயரையும் முகத்தையும் காட்டுவதே கலையின் கடமையாக இருந்த நேரங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது ஓவியர் சித்தப்பிரசாத் மேதினிப்பூர்ப் பகுதியில் நடந்தே சென்று, பட்டினியால் வாடியவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். பல படங்களில் அவர்களின் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தார். பசியால் சாகிறவர்களை வெறும் எண்ணிக்கையாகப் பார்த்த அரசுக்கு எதிரான சாட்சியம் அது. அதனால்தான் அந்தப் படங்கள் அடங்கிய நூலின் படிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்து எரித்தது. பஞ்சத்தில் பெயரைச் சொல்வது ஒருவருக்கு மதிப்பைத் தந்தது. உங்கள் ஊர் நிகழ்வில் அதே செயல் மதிப்பைப் பறிக்கும். ஆகவே உங்கள் நாடகத்தின் நடுவே சிறுமியை நிறுத்தாமல், தெரிந்தும் பேசாமல் இருந்த பெரியவர்களை நிறுத்துங்கள். பார்வையாளர்கள் தங்களை அடையாளம் காண வேண்டியது அங்கேதான்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் இருக்கும் என் மகள் சுவர் ஓவியம் என்று சனிக்கிழமைகளைச் செலவிடுகிறாள். படிப்பு கெடாதா?

பதில்: பொதுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் வேண்டாம் என்று நானே மாணவர்களிடம் சொல்லிவிடுவேன். மற்ற நாள்களில் தடுக்காதீர்கள், அம்மா.

கேள்வி: சென்ற ஆண்டு நாங்கள் வரைந்த சுவரோவியம் ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிட்டது. என்ன தவறு செய்தோம்?

பதில்: பெரும்பாலும் பழைய சுண்ணாம்பின் மேலேயே வண்ணம் பூசியிருப்பீர்கள். உதிரும் சுண்ணாம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெடிப்புகளைப் பட்டி பார்த்து, வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு கை அடித்த பிறகே எமல்ஷன் பூச வேண்டும். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் என்றால் ஏறத்தாழ ஒரு மாதம் ஆறவிடுங்கள். போஸ்டர் கலர் தாளுக்கானது, மழையில் கரைந்துவிடும். வெளிச்சுவர் வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் என்னும் நிறமூட்டியைக் கலந்தால் செலவு குறையும். காவியும் மஞ்சள் ஆக்சைடும் வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும் விரைவில் வெளுக்கும்.

தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவராக இருந்தால் கீழே இரண்டடியை ஒரே அடர் நிறத்தில் விட்டுவிட்டு, அதற்கு மேல் படத்தைத் தொடங்குங்கள். சிறிய தாளில் வரைந்த படத்தின் மேல் ஓர் அங்குலக் கட்டங்கள் போட்டு, சுவரில் நூல் அடித்து ஓரடிக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு மாணவரிடம் ஒப்படைக்கலாம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடியுங்கள். சூடான சுவரில் வண்ணம் உடனே உறிஞ்சப்பட்டுத் திட்டுத் திட்டாகக் காயும்.

கேள்வி: சுவருக்கு அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: கட்டாயம், எழுத்து வடிவில். தமிழ்நாட்டில் பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உள்ளது. பள்ளிச் சுவருக்குத் தலைமை ஆசிரியர், ஊராட்சிச் சுவருக்கு ஊராட்சி, தனியார் சுவருக்கு வீட்டுக்காரர். கடிதத்தோடு படத்தின் மாதிரியையும் இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள் ஐயா, ஓவியத்தால் எதுவும் மாறுமா? கண்ணகி நகரில் அவ்வளவு பெரிய ஓவியங்கள் வரைந்தார்களே?

பதில்: சென்னை நகரின் நடுவில் வாழ்ந்தவர்களைத் தொலைவுக்கு அனுப்பி உருவான குடியிருப்பு கண்ணகி நகர். தேர்ந்த கலைஞர்கள் அங்கே வரைந்த முகங்கள் அழகானவை. அந்த ஊரின் பெயரை வேறு விதமாகச் சொல்லவும் வைத்தன. ஆனால் வேலைக்குப் போகும் தொலைவை வண்ணம் குறைக்காது. படத்தோடு ஒரு கோரிக்கையும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று நான் கருதுவது அதனால்தான்.

ஜப்பானின் ஹிரோஷிமா நகர மாணவர்களை எண்ணிப் பாருங்கள். அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்த சதாகோ சசாகி, இரத்தப் புற்றுநோயால் 1955 அக்டோபரில் 12 வயதில் இறந்தாள். நோயுற்ற நாள்களில் அவள் காகிதக் கொக்குகளை மடித்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் துயரத்தோடு நின்றுவிடாமல், குண்டால் இறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை எடுத்துக்கொண்டு நிதி திரட்டினார்கள். 3000க்கும் மேற்பட்ட பள்ளிகளின் மாணவர்கள் பணம் அனுப்பினார்கள். 1958 மே 5 அன்று சின்னம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே உலகெங்குமிருந்து பிள்ளைகள் மடித்த கொக்குகள் வந்து சேர்கின்றன.

நான் முதலில் சொன்ன ஊரிலும் மாணவிகள் ஓவியத்தோடு நிறுத்தவில்லை. வீடு வீடாகக் கேட்ட நோட்டுப் புத்தகத்தின் நகலை இணைத்து, கிராம சபையில் மனு கொடுத்தார்கள். மூன்றாவது மனுவுக்குப் பிறகு மாலைப் பேருந்தின் நேரம் முக்கால் மணி பின்னுக்குத் தள்ளப்பட்டது. எல்லாத் திருமணங்களும் நின்றன என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு அந்தப் பேருந்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

கேள்வி: எனக்கு வரையவே வராது. என்னைக் குழுவில் சேர்ப்பார்களா?

பதில்: அந்தப் பேருந்து ஓவியத்தில் ஒரு கோடுகூடப் போடாத மாணவி ஒருத்தி இருந்தாள். கூச்சம் இல்லாமல் எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேசியவள் அவள்தான். தாய்மார்கள் பேருந்தைப் பற்றி முதலில் சொன்னதும் அவளிடம்தான். எங்கள் குழுவில் நோட்டுப் புத்தகம் அவள் கையில் இருந்தது. நாளைக்கே உங்கள் ஆசிரியரிடம் போய் அந்த வேலையைக் கேளுங்கள்.