காசு கொடுத்தால்தான் பேப்பரில் வருமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். 25,000 ரூபாய் கொடுத்தால் பேப்பரில் செய்தியும் 50 இணையதளங்களில் கட்டுரையும் வரவைப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 50 தளங்களில் பெரும்பாலானவற்றை யாரும் திறப்பதில்லை. பெயர் தெரிந்த தளமாக இருந்தால் ‘ஸ்பான்சர்டு’ பகுதியில், முகப்பிலிருந்து போக வழியில்லாத மூலையில் கிடக்கும். லிங்க் வந்ததும் ஏஜென்ட் வேலை முடிந்தது. அடுத்து ‘சிறந்த தொழில்முனைவோர் விருது’ என்று வருவார். பதிவுக் கட்டணம், மேடைக் கட்டணம், போட்டோ தனி.

இன்னொரு வம்பும் உண்டு. காசு கொடுத்துப் போட்ட செய்தி சட்டத்தின் கண்ணில் உங்கள் விளம்பரம்தான். ஏஜென்ட் தன் பாட்டுக்கு ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று எழுதிவிட்டால் மாட்டுவது நீங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். காசு வாங்கிச் செய்தி போட்ட பத்திரிகையை, பத்திரிகைகளின் நெறியைக் கவனிக்கும் பிரஸ் கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அதற்கு மேல் அதிகாரமே கிடையாது. இப்படி ஒரு அமைப்பை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அப்படியே வைத்திருக்கிறோம்!

காசு கொடுப்பதே தவறா என்றால், இல்லை. ‘விளம்பரம்’ என்று அச்சிட்டு வந்து, பத்திரிகையின் பெயரிலேயே ரசீதும் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும் குறிப்பை எழுதித் தருபவருக்கு எழுத்துக்கூலி கொடுப்பதும் நியாயம்தான். ஆனால் எழுதியதற்குக் கூலி வேறு, ‘வரவைக்கிறேன்’ என்பதற்குக் கூலி வேறு. பிரசுரத்துக்கு உத்தரவாதம் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள். தந்தால் அது கூலியில்லை, பேரம். உள்ளூர் நிருபரே தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்பார். சொற்பப் பணத்தில் வேலை வாங்கி, விளம்பர இலக்கையும் தலையில் கட்டும் நிர்வாகங்களின் லட்சணம் அது. முடிந்தால் கொடுங்கள். செய்தியோடு முடிச்சுப் போட்டால் மறுத்துவிடுங்கள்.

‘நல்ல எண்ணெய் விற்கிறேன்’ என்பது செய்தியாகாது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அப்படியிருக்க, பருப்பு விலைக்கும் கீழே ‘செக்கு எண்ணெய்’ எப்படி விற்கிறார்கள்? இது செய்தி. இன்றைய பருப்பு விலை, ஆட்டுகூலி, புண்ணாக்கில் திரும்பும் காசு எல்லாவற்றையும் கணக்காக எழுதுங்கள். வாசகருக்கு உதவுகிற கணக்கு என்பதால் நிருபருக்கும் அதுதான் வேண்டும்.

உங்கள் ஊர்ச் செய்தி எந்தப் பெயரில் வருகிறதோ அந்த நிருபரைப் பிடியுங்கள். சென்னை ஆபீஸ் வேண்டாம். அந்தக் கணக்கை 150 வார்த்தைக்குள், யூனிகோடில் (போனில் தட்டுகிற சாதாரணத் தமிழ் எழுத்துதான்), மெயிலிலேயே தட்டச்சு செய்யுங்கள். பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துகள் உடைந்து, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும் என்றே ஒதுக்கிவிடுவார்கள். செக்கு ஓடும்போது அகலவாக்கில் எடுத்த படம் இரண்டு போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி அச்சுக்கு ஆகாது, மெயிலில் இணையுங்கள். காலை 11 மணிக்கு மேல் ஒரு போன். மாலையில் கூப்பிட்டால் பக்கம் முடிக்கும் அவசரத்தில் எரிந்து விழுவார்கள். பண்டிகையை ஒட்டி வர வேண்டுமானால் மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். பிரசுரத்துக்கு முன் கட்டுரையைக் காட்டச் சொல்லாதீர்கள்.

படம் எடுக்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண், தயாரிப்புத் தேதி இல்லாத லேபிள் பேப்பரில் வந்தால், முதலில் தேடி வருவது வாடிக்கையாளர் அல்ல, உணவுப் பாதுகாப்பு அலுவலர்.