பொலோன்யாவில் இரண்டு மாதம், ஒரு குடும்பத்தோடு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஜூன் கடைசியில் திருச்சியிலிருந்து பொலோன்யா வந்து, இரண்டு மாதம் ஓர் இத்தாலியக் குடும்பத்தோடு தங்கி மொழி படிக்கப் போகிறீர்கள். நீங்கள் சைவம். அந்த வீட்டில் எப்படி நடந்துகொள்வது, என்ன வாங்கி வருவது, சனி ஞாயிறுகளில் ரோம், வெனிஸ், பிளாரன்ஸ், மிலான், நேப்பிள்ஸ் எல்லாவற்றையும் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் 2009இல் இதே ஊருக்கு இதே மாதிரி வந்தவள்தான். வந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் செய்த முதல் குற்றம், மோக்காவைத் தேய்த்தது. மோக்கா என்பது இவர்களுடைய அலுமினியக் காபிக் கருவி. கீழே தண்ணீர், நடுச் சல்லடையில் தூள். அடுப்பில் வைத்தால் காபி மேலே ஏறி நிற்கும். வந்த மூன்றாம் நாள், சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல், நம் ஊர்ப் பழக்கத்தில் சோப்பும் கம்பி நாரும் போட்டு உள்ளும் புறமும் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். அந்த வீட்டுப் பாட்டி வந்தார், எடுத்தார், முகர்ந்து பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தடவை காபி போட்டு மூன்றையும் தொட்டியில் ஊற்றினார். நான்காவதைத்தான் குடித்தார். மோக்காவை வெந்நீரில் அலசினால் போதும், சோப்பே படக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆகவே உதவி செய்யப் போகும்முன் இரண்டு நாள் வேடிக்கை பாருங்கள். மேசை விரிப்பது, தட்டு எடுத்து வைப்பது, குப்பை கொண்டுபோய்ப் போடுவது, இதெல்லாம் ஆபத்தில்லாத உதவி. குப்பையிலும் எது எந்தத் தொட்டி என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்சாரம். இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட் இணைப்புதான். வாஷிங் மெஷின் ஓடும்போது ஓவனையும் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் வீடே இருட்டிவிடும். சில கட்டடங்களில் மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும், இறங்கிப் போய்ப் போட வேண்டும். நான் தலை காயவைக்கும் மெஷினைப் போட்டு ஒரு தடவை அதைச் செய்தேன். அப்போது ஓவனுக்குள் லசான்யா இருந்தது. விட்டுவிடுவோம்.

ஜூலையில் இங்கே 35 டிகிரி சர்வசாதாரணம். போ நதிச் சமவெளி, காற்றே இருக்காது, புழுக்கம் திருச்சியை ஞாபகப்படுத்தும். கொசுவும் உண்டு, பகலிலேயே கடிக்கும் வகை. ஏசி இல்லாத வீடுகள் நிறைய. காலை வெயில் ஏறியதும் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் 'வெளிச்சம் வரட்டுமே' என்று தூக்கிவிடாதீர்கள். வெறுங்காலோடு தரையில் நடந்தால் திட்டு விழும், வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி அவசியம். ஈரத் தலையோடு வெளியே போனால் 'கோல்போ தாரியா' வரும் என்பார்கள், அதாவது காற்று அடித்துவிடும். நம் பாட்டிமார் சொல்வதுதான், மொழி மட்டும் வேறு. கடலுக்குப் போகும்போதும் பாருங்கள், சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள்.

நீங்கள் கேட்கக் கூச்சப்பட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறையில் தண்ணீர் இருக்கும். வீட்டில் பிடே, அதாவது கழுவிக்கொள்ளும் தாழ்வான தொட்டி, வைப்பது 1975 முதல் இங்கே கட்டாய விதி. ஐரோப்பாவில் நம் ஆட்கள் நிம்மதியாக மூச்சுவிடக்கூடிய நாடு இது.

பேச்சில் உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறும் 'தூ', 'லெய்' வித்தியாசம் நமக்கு நீ, நீங்கள்தான். வீட்டுக்காரர்கள் முதல் நாளே 'தூ' சொல்லச் சொல்வார்கள். பாட்டியிடம் மட்டும் அவர் சொல்லும்வரை 'லெய்' போட்டே பேசுங்கள். யார் வீட்டு வாசலிலும், 'வா வா' என்று கூப்பிட்ட பிறகும்கூட, 'பெர்மேஸ்ஸோ', அதாவது 'உள்ளே வரலாமா', சொல்லிவிட்டுக் காலை வையுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கிடைத்த மரியாதை, படித்த மொத்த இலக்கணத்துக்கும் கிடைக்கவில்லை.

சரி, சாப்பாடு. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீன் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். 'நோன் மாஞ்ஜோ நே கார்னே நே பேஷே' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. பொலோன்யாவுக்கு 'லா கிராஸ்ஸா' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, கொழுத்தவள் என்று பொருள். பன்றி இறைச்சி இல்லாத பண்டம் இங்கே குறைவு. ஓர் எழுத்தில் கவனமாக இருங்கள். இரண்டுமே பூரணம் வைத்து மடித்த பாஸ்தா. தொர்தெல்லீனி என்றால் சின்னது, உள்ளே பன்றி இறைச்சி, இறைச்சி ரசத்தில் மிதக்கும். தொர்தெல்லோனி என்றால் பெரியது, உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டி, மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். உங்களுக்கானது இரண்டாவது. ஆனால் மாவில் முட்டை இருக்கும், பார்மிஜானோ பாலாடைக்கட்டியைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாறு. எதுவரை ஒத்துக்கொள்வீர்கள் என்பதை வருவதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் முடிவு செய்யாதீர்கள், சமைத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

தாள் விஷயம் சுருக்கமாக. உங்களைத் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும், அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளில் வேறொன்றின் வழியாக வந்தால், 8 நாளுக்குள் 'குவெஸ்தூரா'வில், அதாவது மாவட்டப் போலீஸ் அலுவலகத்தில், வருகையைப் பதிவு செய்ய வேண்டும்.

இனி ஊர் சுற்றல். ஐந்து ஊரையும் முடிக்கலாமா என்றால் முடிக்கலாம், ரயில் நிலையங்களை நன்றாகப் பார்த்துவிடுவீர்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டை நான் முதல் மூன்று வாரம் தவறவிட்டேன். நான்காவது வாரம்தான் வீட்டில் இருந்தேன். ஒரு மணிக்கு உட்கார்ந்து நாலு மணிக்கு எழுந்தோம். மொழிப் பள்ளியில் ஒரு மாதமாகப் பிடிபடாத பேச்சு அன்று காதில் ஏறியது. அதனால் சனிக்கிழமை சுற்றுங்கள், ஞாயிற்றுக்கிழமையை மேசைக்கு விடுங்கள். ஒரே விதிவிலக்கு, மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம், ஆனால் கூட்டம் நெரியும்.

பொலோன்யா ரயில் சந்திப்பு. பெர்ராரா அரை மணி, ராவென்னா ஒரு மணிக்குச் சற்று மேல், வேக ரயிலில் பிளாரன்ஸ் 40 நிமிடம். ஒரே ஒரு ஊர்தான் என்றால் நான் ராவென்னாவைச் சொல்வேன். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சில்லுப் படங்கள். ரோமப் பேரரசி கல்லா பிளாசிதியாவின் சமாதிக்குள் வெயிலிலிருந்து நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழக, நீலக் கூரையில் நட்சத்திரம் ஒவ்வொன்றாக வரும். 1321இல் இறந்த கவிஞர் தாந்தேயின் கல்லறையும் அங்கேதான், பிளாரன்ஸில் அல்ல. உள்ளூர் ரயிலில் காகித டிக்கெட் என்றால், ஏறும்முன் நடைமேடை மெஷினில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம். வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிப்பார்கள், 'ஷோப்பெரோ' என்ற சொல் கண்ணில் பட்டால் பயணத்தை மாற்றுங்கள்.

உள்ளூரிலேயே மலைமேல் இருக்கும் சான் லூக்கா மாதா கோவிலுக்கு நடந்து ஏறுங்கள். கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், 666 வளைவுகள், வழி முழுக்கக் கூரை. ஜூலை வெயிலிலும் நிழலிலேயே மலை ஏறிவிடலாம். அசினெல்லி கோபுரத்தின் 498 படியை நான் ஏறினேன், உங்களுக்கு அது வாய்க்காது. பக்கத்துச் சாய்ந்த கோபுரம் கரிசெண்டா ஆபத்தான நிலையில் இருப்பதால் 2023 அக்டோபரிலிருந்து மூடி வைத்திருக்கிறார்கள். இரவில் பியாட்சா மாஜோரே சதுக்கத்தில் திரை கட்டி இலவசமாகப் படம் போடுவார்கள். தரையில் உட்கார ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி எங்கேயும் போகாதீர்கள். 1980இல் அன்று காலை 10:25க்கு இந்த ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம். வெளிச்சுவர்க் கடிகாரம் இன்றும் 10:25இலேயே நிற்கிறது. முதல் வருடம் அதைப் பார்த்து 'கடிகாரம் ரிப்பேர்' என்று நான் பாட்டியிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் என்னை அந்த நாளன்று ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனார். நிலையத்தின் முன்னால் அத்தனை பேர், ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி, வளையல் பதிந்துவிட்டது.

அதன் பிறகு ஊர் காலியாகத் தொடங்கும். ஆகஸ்ட் 15 பெர்ராகோஸ்தோ, நாடு முழுக்கக் கோடை விடுமுறை நாள். அதை ஒட்டிக் கடைக்குக் கடை 'விடுமுறை' என்று தாள் ஒட்டியிருக்கும். வீட்டுக்காரர்கள் அநேகமாக ரிமினி பக்கம் கடலுக்குப் போவார்கள். கூப்பிட்டால் போய்விடுங்கள், தனியாக இங்கே உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டாம்.

என்ன வாங்கி வருவது? பட்டுச் சால்வை, தஞ்சாவூர்த் தட்டு என்று பெட்டியை நிரப்பாதீர்கள், வைக்க இடமில்லாமல் சங்கடப்படுவார்கள். நான் பித்தளை டபரா செட்டும் ஃபில்டரும் கொண்டுவந்திருந்தேன். அந்த வீட்டிலிருந்து கிளம்பும் முந்தின நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், நுரை பொங்க ஆற்றிப் பாட்டி கையில் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். 'நல்லாத்தான் இருக்கு. ஆனா சாப்பிட்ட பிறகு யாராவது இவ்வளவு பால் குடிப்பாங்களா?' என்றார்.